நோய்ப்பெயர் வேண்டாம், கணக்கைக் கேளுங்கள்

உத்திரமேரூர் வட்டார இளம் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நம் வட்டாரத்தில் அரசியல் பேசாத டீக்கடை கிடையாது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய் வருகிற களைப்பிலும் நீங்கள் நாட்டு நடப்பைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். அது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அரசியல் எனக்கெதற்கு என்று ஒதுங்கிப் போகிறவர்களுக்கு நான் மடல் எழுத மாட்டேன். உங்களுக்கு அக்கறை இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக உங்கள் பேச்சில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஒரு தலைவரைப் பிடிக்கவில்லை என்றால் முன்பெல்லாம் “சொன்னதைச் செய்யலை”, “காசு அடிக்கிறார்” என்பார்கள். இப்போது “அவர் ஒரு நார்சிஸ்ட்”, “சுத்த சைக்கோ” என்கிறீர்கள். வெறும் வசவாகவும் அதை விடுவதில்லை. கைப்பேசியில் ஆளுமைக் கோளாறுக்கான ஒன்பது அறிகுறிகளை எடுத்து வைத்துக்கொண்டு, தலைவரின் மேடைப் பேச்சையும் பேட்டியையும் ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்த்து, “ஒன்பதுல ஏழு தேறுது” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, புதுக்கட்சி என்று யாரும் இதில் மிச்சமில்லை.

நான் எந்தத் தலைவருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. அவர்களை நீங்கள் இன்னும் கடுமையாக எடைபோட வேண்டும் என்பதுதான் என் கட்சி. நோய்ப்பெயர் சூட்டுவது பார்க்கத்தான் கடுமை. உண்மையில் அது தலைவரைத் தப்பவிடுகிறது; நம் வீடுகளில் உண்மையாகவே நோயோடு போராடுகிறவர்களைக் காயப்படுத்துகிறது.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். அது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் உள்ளது. தன்னைப் பற்றிய மிகையான நினைப்பு, எல்லையில்லாத வெற்றி பற்றிய கனவு, ஓயாமல் பாராட்டை எதிர்பார்ப்பது, பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது, பிறர் துன்பம் உறைக்காமல் இருப்பது என்று ஒன்பது போகும். அவற்றில் ஐந்து இருந்தால் போதும் என்பதோடு நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள். அந்த ஒன்பதுக்கும் முன்னால் கையேடு விதிக்கும் நிபந்தனைகளை யாரும் பகிர்வதில்லை. அந்தக் குணம் இளவயதிலிருந்தே ஊறியதாக இருக்க வேண்டும். வீடு, வேலை, நட்பு என்று வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களிலும் தென்பட வேண்டும். அதனால் அந்த மனிதர் அவதிப்பட வேண்டும், அல்லது அவர் வாழ்க்கை தடுமாற வேண்டும். இதையெல்லாம் அறிய மருத்துவர் ஆளை நேரில் பார்த்துப் பேச வேண்டும். மேடைப் பேச்சு ஒரு தொழில். பல்லாயிரம் பேர் முன்னால் பேசுகிற எவரும் அந்த ஒரு மணி நேரத்தில் தன்னைப் பெரிதாகக் காட்டத்தான் செய்வார்.

இன்னொரு செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘நார்சிஸ்ட்’ என்று தனியொரு நோயே இல்லை. 2022 முதல் நடைமுறைக்கு வந்த அதன் 11ஆம் பதிப்பு, ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெயரிட்டு அடுக்கும் பழைய முறையைப் பெரும்பாலும் கைவிட்டது. கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றே அது முதலில் பார்க்கிறது. மருத்துவர்களே மாற்றிக்கொண்டிருக்கும் ஓர் அளவுகோலை நாம் கல்லில் வெட்டிய தீர்ப்புபோல எடுத்து வீசுகிறோம்.

படித்த மருத்துவர்களே இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். ‘ஃபேக்ட்’ என்ற இதழ் அந்நாட்டின் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, இவர் அதிபராக இருக்க மனத்தளவில் தகுதியானவரா என்று கேட்டது. பதில் எழுதிய 2,417 பேரில் 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். கோல்ட்வாட்டரைச் சோதித்துப் பார்க்காமலே பலர் விதவிதமான நோய்களின் பெயர்களையும் எழுதித் தந்தார்கள். தேர்தலில் தோற்ற அவர் வழக்குப் போட்டார். 1968இல் நியூயார்க் நடுவர் குழு, இதழாசிரியரும் இதழும் சேர்ந்து 75,000 டாலர் தண்டத்தொகை கட்ட வேண்டும் என்றது. 1973இல் மனநல மருத்துவர் சங்கம், நேரில் சோதிக்காமலும் ஒப்புதல் பெறாமலும் பொதுவாழ்வில் உள்ள எவரைப் பற்றியும் நோய்க் கருத்துச் சொல்லக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு விதி செய்தது. அதைக் கோல்ட்வாட்டர் விதி என்றே இன்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கதைக்குப் பின்பாதி ஒன்று உண்டு. 1974 ஆகஸ்டில், வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அதிபர் நிக்சனை நேரில் போய்ப் பார்த்து, செனட்டில் உங்களுக்கு ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மூவரில் கோல்ட்வாட்டரும் ஒருவர். நிக்சன் அவருடைய சொந்தக் கட்சிக்காரர். மறுநாள் நிக்சன் பதவி விலகலை அறிவித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் மனத்தளவில் தகுதியற்றவர் என்று முத்திரை குத்தியவர்தான், தேவைப்பட்ட நேரத்தில் நிதானமாக நடந்துகொண்டார். அந்த நிக்சனைக் கவிழ்த்ததும் எந்த மருத்துவரின் சான்றும் இல்லை. அவர் அலுவலகத்தில் அவரே பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள்தான் கவிழ்த்தன. அவர் மனம் எப்படிப்பட்டது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நாடாவில் இருந்த பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

டொனால்டு டிரம்ப் 2017இல் அதிபரானபோது இதே விவாதம் மறுபடி கிளம்பியது. மனநல வல்லுநர்கள் பலர் சேர்ந்து அவரைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார்கள். அப்போது குறுக்கே நின்றவர் ஆலன் பிரான்சிஸ். அந்தக் கையேட்டின் நான்காம் பதிப்பை உருவாக்கிய குழுவின் தலைவர். நீங்கள் பொருத்திப் பார்க்கிற அந்த அளவுகோல்களை எழுதியவர். டிரம்பின் அரசியலைக் கடுமையாக எதிர்த்த அவரே, அவருக்கு அந்த நோய் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார். அந்த மனிதர் அவதிப்படவில்லை, பிறரைத்தான் அவதிப்படுத்துகிறார்; தீய நடத்தையை நோய் என்று சொல்வது நோயாளிகளுக்கு இழைக்கும் அவமானம்; அரசியல் சிக்கலுக்கு மருந்து அரசியல்தான் என்பது அவர் வாதம். இதற்கு மேல் நான் சேர்க்க எதுவுமில்லை.

அந்த அவமானத்தை நம் ஊரில் கண்ணெதிரே பார்க்கிறேன். “கீழ்ப்பாக்கம் போக வேண்டிய கேஸ்” என்று ஒரு தலைவரைப் பற்றி நீங்கள் சொல்லிச் சிரிக்கிறபோது, அதே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருக்கிற ஒருவர் தலை குனிகிறார். மாதம் தவறாமல் அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறவர். ஒன்றரை ஏக்கரில் சம்பா நட்டு, அறுத்து, மகளைப் படிக்க வைக்கிறவர். ஊரில் ஒருவருக்கும் கடன் வைக்காதவர். நீங்கள் வெறுக்கிற தலைவரின் எந்தக் குற்றத்தையும் அவர் செய்ததில்லை. ஆனால் அந்தச் சொல் போய் விழுவது அவர்மேல்தான். தலைவர் காதுக்கு அது எட்டக்கூட எட்டாது.

மனநோய் என்பது வெட்கப்பட வேண்டியது என்ற எண்ணம் நம் மண்ணில் என்ன செய்தது என்று மறந்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைத்து வைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகினார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க வெட்கப்பட்டுக் கொண்டுபோய் விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. மனநோய்ப் பெயரை வசவாக ஆக்குகிற ஒவ்வொரு முறையும் அந்த வெட்கத்துக்கு நாம் உரம் போடுகிறோம். இன்று 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி கிடைக்கிறது. அந்த எண்ணை அழைக்கத் தயங்குகிற ஒரு பையன் உங்கள் நண்பர் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். உங்கள் கேலியைக் கேட்டுத்தான் அவன் தயங்குகிறான்.

நோய் இருந்தால்தான் என்ன? நார்வே பிரதமராக இருந்த ஷெல் மாக்னே போன்டேவிக், 1998இல் தனக்கு மனச்சோர்வு நோய் என்று நாட்டுக்கே வெளிப்படையாகச் சொல்லி விடுப்பில் போனார். சில வாரங்களில் குணமாகித் திரும்பினார். 2001இல் மறுபடியும் பிரதமரானார். நோயுள்ள நல்ல தலைவர் உண்டு. எந்த நோயும் இல்லாத, ஊரைச் சுரண்டுகிற தலைவரும் உண்டு.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, சிகிச்சைக்காகவோ சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காகவோ தவிர யாரையும் மனநோயாளி என்று வகைப்படுத்தக் கூடாது. அரசியல் நிலையை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யவும் கூடாது. இந்த விதி ஏன் வேண்டியிருந்தது? அரசுகளின் கையில் இந்த ஆயுதம் கிடைத்தபோது என்ன ஆனது என்பதை உலகம் பார்த்துவிட்டது. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு ‘மந்தமான மனச்சிதைவு’ என்று நோய் கட்டி மருத்துவமனையில் அடைத்தார்கள். உயிரியலாளர் ஜோரெஸ் மெட்வெடேவ் 1970இல் அப்படி அடைக்கப்பட்டவர். இன்று நீங்கள் தலைவர்மேல் வீசுகிற சொல், நாளை கேள்வி கேட்கிற உங்கள்மேலேயே திரும்பும். கிராம சபையில் கணக்குக் கேட்கிறவரை “அது ஒரு லூசு, விடுங்க” என்று உட்கார வைப்பதை நீங்களே பார்த்திருக்கலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தலைவர்களை எப்படி எடைபோடுவது என்று கேட்டால் வெளிநாட்டுக் கையேட்டைத் தேட வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு அருகில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அதற்கு ஒரு பட்டியல் 1,100 ஆண்டுகளாக நிற்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். பள்ளியில் குடவோலை முறை என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்திருப்பீர்கள். 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இதைக் குறிப்பிட்டார். எல்லாரும் பெருமை பேசுகிறோம். அதில் யாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பதைத்தான் நிதானமாகப் படிப்பதில்லை.

ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருக்கு மட்டுமா தடை? அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன் என்று உறவு நீள்கிற அளவுக்குத் தடையும் நீள்கிறது. பிறர் பொருளைத் திருடியவருக்குத் தடை. பொய் ஓலை புனைந்தவருக்குத் தடை. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் தடை. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் செய்தது தெரிந்தால் அப்போதே இறக்கிவிட வேண்டும்.

மனத்தூய்மையும் தகுதிகளில் ஒன்றாக அங்கே இருக்கிறது. அது சபைக்கு முக்கியம் என்பது சரி. ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கல்வெட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. விரிவாகச் சொல்லியிருப்பதெல்லாம் ஊரார் கண்ணால் பார்த்து, சாட்சி வைத்து, ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய செயல்கள். கணக்கைக் கொடுத்தாரா, கொடுக்கவில்லையா? இதற்கு இரண்டு பதில் கிடையாது.

ஓலை எடுத்த விதத்தைப் பாருங்கள். ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டுகள். ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்புப் பெயரிட்ட வாயோலை பூட்டி, கட்டுக்கட்டாகக் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் அடங்க மகாசபை மண்டபத்தில் கூடியிருக்கிறது. கோயில் நம்பிமார் எல்லாரும் அங்கே இருந்தாக வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லாருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கி நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். அவர் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். படித்துக் காட்ட வேண்டும். அவர் படித்ததை நம்பிமார் எல்லாரும் மறுபடி படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் ஏறும்.

அந்த ஐந்து விரல்களை நினைத்துப் பாருங்கள். மத்தியஸ்தன் நல்லவரா கெட்டவரா என்று சபை ஆராயவில்லை. அவர் மனம் எப்படி இருந்தாலும் ஓலையை மாற்ற முடியாதபடி கையை விரிக்கச் சொன்னது. மனிதர்களின் உள்ளத்தை நம்பியும் இருக்க முடியாது, ஊடுருவிப் பார்க்கவும் முடியாது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. தலைவரின் உள்ளுக்குள் என்ன நோய் என்று நாம் துருவ வேண்டியதில்லை. எப்படிப்பட்டவர் வந்தாலும் கையை விரித்துக் காட்டியே ஆக வேண்டும் என்ற நிலையை ஊர் உண்டாக்கினால் போதும்.

அந்தச் சுவரைக் கும்பிடச் சொல்லவில்லை. அது ஒரு பிராமண ஊர்ச் சபையின் ஏற்பாடு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்கிற ஆண்கள்தான் அந்த ஓலையில் ஏற முடிந்தது. மண்ணில் உழைத்தவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். பெண்கள் வெளியே நின்றார்கள். இன்று நம்முடைய ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு. 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் வாக்கு. அந்தச் சபையால் நினைத்தும் பார்க்க முடியாத உயரம் இது. அந்த உயரத்தில் நிற்கிற நாம் கணக்குக் கேட்பதில் மட்டும் அவர்களைவிடக் கீழே இருக்கலாமா?

நம் காலத்திலும் இந்த வழிதான் வேலை செய்திருக்கிறது. ஜெயலலிதாவின் குணத்தைப் பற்றித் தமிழ்நாடு பேசாத பேச்சு இல்லை. 2014 செப்டம்பர் 27ஆம் தேதி அவர் முதலமைச்சர் பதவியை இழந்தது எந்தக் குணத்துக்காகவும் அல்ல. 1991 முதல் 1996 வரை வருமானத்துக்கு மேல் சேர்ந்த சொத்தின் கணக்குக்காக. அந்த வழக்கில் 2015இல் விடுதலை, 2017இல் அது ரத்து என்று பின்னால் நடந்ததும் ஆவணங்களை வைத்தேதான். அப்போதைய திமுக அமைச்சர் பொன்முடி 2023 டிசம்பரில் பதவி இழந்ததும் சொத்துக் கணக்கால்தான். மூன்று மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எந்தக் கட்சியானாலும் கணக்கின் முன்னால் நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும். “நீ நார்சிஸ்ட்” என்றால் “நீதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அப்படியானால் ஒரு தலைவரின் குணத்தைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பேசுங்கள். அதற்கு நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. செருக்கு, பேராசை, வன்மம், வாக்குத் தவறுதல், கல்நெஞ்சு. இவற்றில் எதுவும் நோய் இல்லை. எல்லாவற்றுக்கும் அந்த மனிதரே பொறுப்பு. அவர் செருக்குள்ளவர் என்று சொன்னால் எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், யாரை என்ன செய்தார் என்று உடனே சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நோய்ப்பெயருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: நோய்க்கு யாரிடமும் பொறுப்புக் கேட்க முடியாது. செருக்குக்குக் கேட்கலாம்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த உரிமை அது. அவர்மேல் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கலாம். சென்ற முறை தந்ததையும் இந்த முறை தந்ததையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஐந்து ஆண்டில் ஏறிய சொத்துக்கு அவர் சொல்லும் வருமானம் ஈடாகிறதா என்று பாருங்கள்.

ஊரில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாளில் கிரிக்கெட் மட்டையை இறக்கி வைத்துவிட்டு மரத்தடிக்கு வாருங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்காமல் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சோழர் காலத்தில் ஏரி வாரியத்தில் ஆறு பேர் நம் ஏரிக்குப் பொறுப்பாக இருந்தார்கள். வரத்துக் கால்வாயைத் தூர் வாரியதற்கும் மதகைச் சரி செய்ததற்கும் இன்று எவ்வளவு செலவாயிற்று, ஒப்பந்தம் யார் பெயரில், அவர் யாருக்கு மைத்துனர் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஒரு கட்சிக்காரரிடம் மட்டும் கேட்டு மற்றவரை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த தலைவரிடம் முதலில் கேளுங்கள். பிடிக்காதவருக்கு மட்டும் நோய் கண்டுபிடிக்கிற கண், பிடித்தவரின் கணக்கையும் பார்க்காமல் விட்டுவிடும். பாதிப் பொய்க் கணக்கு அந்த அலட்சியத்தில்தான் தப்பிக்கிறது.

தம்பி, தங்கை! ஊர்ப் பணத்தை எடுத்தவரை “சைக்கோ” என்று சொல்லிச் சிரித்துவிட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். “பாலத்துக்கு வந்த பணம் எங்கே?” என்று பத்துப் பேர் ரசீதோடு வந்து நின்றால் அவரால் தூங்க முடியாது. அடுத்த கிராம சபைக்கு நான் வருகிறேன். நீங்களும் வாருங்கள். ஆளுக்கொரு கேள்வியைத் தாளில் எழுதி, தேதி போட்டு, நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த,
உத்திரமேரூர் வட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்